அருவியும் அளவுகோலும்

சென்ற சாரல் காலத்தில் தென்காசியில் நண்பர்கள் சிலர் கூடி, குற்றாலம் பற்றிய காணொளிகளை ஆண்டு வரிசைப்படி பார்ப்பது என்று முடிவு செய்தோம். கவிதை வாசிப்புக்கும் நூல் அறிமுகத்துக்கும் வழக்கமாகக் கூடுகிற சிறு கூட்டம்தான். இம்முறை புத்தகம் இருந்த இடத்தில் ஒரு மடிக்கணினி இருந்தது. "இதிலெல்லாம் திறனாய்வுக்கு என்ன இருக்கிறது?" என்று முதல் நாள் கேட்ட பெரியவர் ஒருவர், நான்கு மாலைகளும் தவறாமல் வந்து அமர்ந்தார். நான்காம் நாள் அவர் கேட்ட கேள்வி வேறாக இருந்தது. அதைப் பின்னர் சொல்கிறோம்.

நாங்கள் முதலில் பார்த்தவை ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தியவை. குடும்பத்தோடு வந்த யாரோ ஒருவர் கையில் பிடித்த காமிரா ஆடிக்கொண்டே இருக்கும். ஈரத்துண்டு திரையை மறைக்கும். குழந்தை வீறிட்டு அழும். காவலரின் விசில் கேட்கும். எண்ணெய் தேய்த்துவிட அழைப்பவரின் குரல் கேட்கும். இவற்றுக்கெல்லாம் அடியில், இடைவிடாமல், பேரருவியின் இரைச்சல். படைப்பு என்று இவற்றைச் சொல்ல எவரும் துணிய மாட்டார். எடுத்தவருக்கே அந்த எண்ணம் இருந்திருக்காது. ஆயினும், குற்றாலத்தில் நின்றவனுக்கு உண்டாகும் அந்தத் திணறல் அவற்றில் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆண்டுகள் நகர நகரப் படம் தெளிவடைந்தது, ஆட்டம் நின்றது, பேசுகிறவர் பயின்றவராக ஆனார். கூடவே வேறொன்றும் நிகழ்ந்தது. காணொளிகள் நீண்டன. தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்தாறு கிலோமீட்டர்தான்; நடந்தே வந்துவிடலாம். ஆனால் அந்தத் தூரத்தைக் கடக்க இக்காணொளிகள் ஆறு நிமிடம் எடுத்துக்கொண்டன. பேருந்து நிலையம், தேநீர்க் கடை, பிரானூர் பார்டர் பரோட்டா, நண்பர்களின் கேலிப் பேச்சு எல்லாம் முடிந்து அருவி வரும்போது பத்து நிமிடத்தில் எட்டு கழிந்திருக்கும். இளைஞர்களுக்குக் கட்டமைப்பு தெரியவில்லை என்றே நாங்கள் முதலில் தீர்ப்பளித்தோம். எங்களுள் ஒருவர், சொந்தமாகச் சேனல் நடத்துகிற இளைஞர், தயக்கத்தோடு திருத்தினார்: "கட்டமைப்பு தெரியாமல் இல்லை, ஐயா. பத்து நிமிடத்தைத் தாண்டினால்தான் நடுவில் விளம்பரம் வைக்க முடியும்."

அவர் சொன்னது உண்மை. யூடியூப் தளத்தில் காணொளியின் இடையே விளம்பரம் செருகுவதற்குப் பத்து நிமிட நீளம் வேண்டும் என்றிருந்த விதி 2020 ஜூலையில் எட்டு நிமிடமாகக் குறைக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2012 அக்டோபரில், எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு முதன்மை தரும்படி அத்தளம் தன் அளவுகோலை மாற்றியிருந்தது. 2017 ஏப்ரலில், மொத்தம் 10,000 பார்வைகள் பெறாத சேனலுக்கு விளம்பர வருவாய் இல்லை என்றார்கள். ஓராண்டு முடியுமுன், 2018 பிப்ரவரி 20 முதல், 1,000 சந்தாதாரர்களும் பன்னிரண்டு மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்றார்கள். 4,000 மணி என்பது 2,40,000 நிமிடம். ஒருவர் சராசரியாக ஐந்து நிமிடம் பார்க்கிறார் என்று கொண்டால் 48,000 பார்வைகள் தேவை. ஆண்டில் மூன்று மாதம் மட்டுமே தொடர்ந்து தண்ணீர் விழும் ஓர் ஊரைப் பற்றிப் பேசுகிறவருக்கு இது எத்தகைய ஏற்றம் என்பதை வாசகர்கள் எண்ணிக்கொள்ளலாம்.

ஆகவே நாங்கள் கைத்திறன் குறை என்று கண்டது வேறொருவரின் கை. நூலாசிரியனைத் திறனாயும்போது பதிப்பாசிரியனின் கத்தரிக்கோலையும் கணக்கில் கொள்வது நமக்குப் பழக்கம். இங்கே அந்தப் பதிப்பாசிரியர் பெயரில்லாதவர், முகமில்லாதவர், ஆண்டுக்கொரு முறை மனம் மாறுகிறவர். அவருடைய கத்தரிப்பை அறியாமல் இப்படைப்புகளை எடைபோடுவது நீதியாகாது.

திரிகூடராசப்பக் கவிராயருக்கும் புரவலர் இருந்தார் என்று இங்கே ஒருவர் சொல்லலாம். குற்றாலத்தை அடுத்த மேலகரத்துக் கவிராயர், குற்றாலநாதர் கோயிலில் தம் குறவஞ்சியை அரங்கேற்றினார். மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் அதற்காக அளித்த நிலம் குறவஞ்சி மேடு என்று பெயர் பெற்றது. பரிசிலை நாடிப் பாடுவது இழுக்கன்று. அதை இழுக்கென்றால் நம் இலக்கியத்தில் பாதியைத் தள்ளிவிட வேண்டும். ஆனால் மன்னர் எதிரே இருந்தார். அவர் முகம் சுளித்தால் கவிராயருக்குத் தெரியும். கொடுத்த நிலத்தைக் கேட்பவரின் எண்ணிக்கை குறைந்தது என்று மறு ஆண்டு திரும்பப் பெறவும் இல்லை.

காசு தருவதே குற்றம் என்று நாம் சொல்ல வரவில்லை. நீண்ட காணொளியின் விளம்பர வருவாயில் நூற்றுக்கு 55 பங்கு படைப்பாளிக்கு வருகிறது. தமிழ்ச் சிற்றிதழ்கள் தம் எழுத்தாளர்களுக்குக் காலந்தோறும் அளித்துவந்த சன்மானத்தை நினைத்தால், இதழில் எழுதுகிற நாம் இந்த இடத்தில் வாய் திறக்காமலிருப்பதே மரியாதை. சென்னைக்குப் போய்ச் சினிமாக் கம்பெனி வாசலில் நிற்காமலே தென்காசிப் பையன் தன் ஊரைத் தன் பேச்சில் உலகுக்குக் காட்ட முடிந்ததும் இத்தளங்களால்தான். நம் வருத்தம் வேறிடத்தில் இருக்கிறது.

மூன்றாம் மாலையில் 2020க்குப் பிந்தியவற்றைப் பார்த்தோம். அதற்குமுன் அந்த ஆண்டில் நடந்ததை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. டிக்டாக் செயலியைப் பதிவிறக்குவதைத் தடுக்குமாறு 2019 ஏப்ரல் 3 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்கால ஆணை பிறப்பித்தது. அதே மாதம் 24ஆம் நாள் அத்தடை விலக்கப்பட்டது. அது முன்னறிவிப்புப் போல. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளுள் டிக்டாக்கும் ஒன்று. தடைக்குரிய காரணங்களின் நியாயத்தை நாம் இங்கே ஆராயப் போவதில்லை. ஒரு படைப்பாளியின் கணக்கில் அதன் பொருள் என்ன என்பதை மட்டும் பார்க்கிறோம். ஊர் ஊராக எத்தனையோ ஆண்களும் பெண்களும் நடித்து, ஆடி, பேசி வைத்திருந்த குறும்படங்கள் ஓரிரு நாளில் இந்நாட்டினர் கைக்கு எட்டாமற் போயின. ஏட்டுச்சுவடி கறையானுக்குப் போனால்கூட ஏடு இருந்த பெட்டி மிஞ்சும். இங்கே பெட்டியும் மிஞ்சவில்லை.

சிலர் கரையேறினர். உடன்குடியில் மரச்சாமான் தொழில் செய்துவந்த ஜி.பி. முத்து டிக்டாக்கில் அறியப்பட்டவர். தடைக்குப் பின் யூடியூபுக்கு வந்து, தமக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் படிக்கும் காணொளிகளால் மேலும் பெயர் பெற்றார். தென்மாவட்டத்துப் பேச்சின் வேகமும் கோபமும் கலந்த அவருடைய குரல் பதினைந்து நொடியில் அடங்குவது அன்று. நீண்ட வடிவத்தில்தான் அது தன் இயல்பை அடைந்தது என்பது நம் கருத்து. ஆனால் அவர் விதிவிலக்கு. நடனமும் பாவனையும் மட்டுமே தெரிந்த பலருக்கு நீண்ட வடிவம் கைவரவில்லை. அவர்கள் பெயரை இன்று எவரும் சொல்வதில்லை.

அந்த வெற்றிடத்தில் மோஜ், ஜோஷ் போன்ற உள்நாட்டுச் செயலிகள் நுழைந்தன. இன்ஸ்டாகிராமின் ரீல்ஸ் 2020 ஜூலையிலேயே வந்துவிட்டது. யூடியூப் தன் ஷார்ட்ஸ் வடிவத்தை உலகிலேயே முதன்முதலாக இந்தியாவில், 2020 செப்டம்பரில், வெள்ளோட்டம் விட்டது. அதுவரை கிடையாகப் பிடித்த கைப்பேசியை நம் இளைஞர்கள் அன்றிலிருந்து நிமிர்த்திப் பிடித்தார்கள்.

இங்கே ஒரு வியப்பு. நிமிர்ந்த சட்டகம் மனித முகத்துக்குப் பொருந்துவதைவிட அருவிக்கு நன்றாகப் பொருந்துகிறது. பேரருவி மேலிருந்து நேரே தரைக்கு வருவதில்லை. பாதியில் பொங்குமாங்கடல் என்னும் பாறைக்குழியில் விழுந்து, அங்கே நிறைந்து, பின் பொங்கி வழிந்து இறங்குகிறது. கிடையான படத்தில் மேற்பாதியோ கீழ்ப்பாதியோ விடுபட்டுப்போகும். நிமிர்ந்த படத்தில் இரண்டு வீழ்ச்சியும் நடுவிலுள்ள தயக்கமும் ஒரே பார்வையில் அகப்படுகின்றன. நாங்கள் பார்த்தவற்றுள் அத்தகைய இருபது நொடிப் படம் ஒன்று இருந்தது. எடுத்தவர் எதுவும் பேசவில்லை. சாரல் கண்ணாடியில் படியப் படியப் படம் மங்கிக்கொண்டே போய் வெண்மையாகிவிடுகிறது. புதிய விதி, தான் அறியாமலே, ஒரு நல்ல படைப்புக்கு இடம் கொடுத்திருக்கிறது. குறை சொல்ல வந்த நாங்கள் அதை மூன்று முறை போட்டுப் பார்த்தோம்.

அப்போதுதான் பெரியவர் கேட்டார்: "தண்ணீர்ச் சத்தம் எங்கே?"

சத்தம் இல்லை. அந்தப் படத்தின் மேல் எங்கோ பிரபலமான ஓர் இசைத்துணுக்கு ஒட்டப்பட்டிருந்தது. அன்று பார்த்த மற்றவற்றைத் திரும்ப ஓட்டிப் பார்த்தோம். பெரும்பாலானவற்றில் அருவி ஊமையாக விழுந்துகொண்டிருந்தது. இளைஞரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் இரண்டு காரணம் சொன்னார். ஒன்று, பரவலாக ஓடிக்கொண்டிருக்கும் இசையை எடுத்துச் சேர்த்தால் காணொளியும் அதனோடு ஓடும் என்னும் நம்பிக்கை. மற்றொன்று அச்சம். குற்றாலக் கடைத்தெருவில் எந்தக் கடையிலும் ஒரு சினிமாப் பாட்டு ஒலித்துக்கொண்டிருக்கும். அருவியின் ஓசையோடு அந்தப் பாட்டின் ஓரடி பதிவாகிவிட்டாலும் தளத்தின் காப்புரிமைப் பொறி அதைக் கண்டுபிடித்துவிடும். பிறகு வருவாய் பாட்டுக்குரியவருக்குப் போகலாம், அல்லது காணொளியே முடக்கப்படலாம். ஆகவே மூல ஒலியை முழுவதும் நீக்கிவிட்டு, தொல்லையில்லாத இசையொன்றைப் போட்டுவிடுவது பாதுகாப்பு.

பொறிக்குச் செவி உண்டு; பகுத்தறிவு இல்லை. ஆஸ்திரேலியாவில் செபாஸ்டியன் டோம்சாக் என்னும் இசைத்துறை அறிஞர், வானொலி இரைச்சல் போன்ற வெற்றோசையைக் கணினியில் தாமே உண்டாக்கி, பத்து மணி நேரக் காணொளியாக 2015இல் ஏற்றிவைத்தார். அந்த ஓசை தமக்குரியது என்று ஐந்து உரிமைக் கோரிக்கைகள் அவர்மீது வந்தன. 2018 ஜனவரியில் இது உலகச் செய்தியாயிற்று. கோரிக்கைகள் பின்னர் விலக்கப்பட்டன. தூரத்திலிருந்து கேட்கும் பேரருவியின் ஓசையும் ஏறக்குறைய அத்தகைய வெற்றோசைதான். குற்றாலத்து இரைச்சலுக்கு ஒருநாள் யாரேனும் உரிமை கொண்டாடி வந்தால் நாம் சிரிப்பதா அழுவதா என்று அன்று விவாதித்தோம்.

1954இல் மறைந்த ரசிகமணி டி.கே.சி. பல ஆண்டுகள் வாழ்ந்த ஊர் குற்றாலம். கவிதையைக் காதால் அறிய வேண்டும் என்பதை நண்பர்களுக்குப் படித்துக் காட்டியே நிறுவியவர் அவர். பாட்டின் உருவம் அதன் ஓசையில் இருக்கிறது என்று அவர் கருதிய அதே ஊரில், ஓசை நீங்கிய அருவி இன்று ஆயிரக்கணக்கில் உற்பத்தியாகிறது. இதைப் படைப்பாளிகளின் ரசனைக் குறைவு என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அச்சத்தால் வாயடைத்தவனை ஊமை என்று சொல்வது பொருத்தமாகுமா?

கூட்டத்திலிருந்த இளைஞரின் சேனல் கலைக்காக நடப்பது அன்று. நாள்தோறும் காலையில் சென்று, எந்த அருவியில் எவ்வளவு தண்ணீர், குளிக்க அனுமதி உண்டா இல்லையா என்று சொல்வது, அவ்வளவுதான். வெளியூரிலிருந்து வேன் பிடித்து வருகிறவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள இலக்கியம் வேறில்லை. முன்பு அவர் ஐந்து நிமிடம் பேசினார். குறுங்காணொளிக்கு மாறிய பின் நாற்பது நொடி. இதில் ஒரு சிக்கல். குறுங்காணொளி விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும். ஏற்றப்பட்ட நாள் முகப்பில் தெரிவதில்லை. தேடித் திறந்தால்தான் தெரியும். ஆனி மாதத்து வெள்ளத்தைப் பங்குனியில் யாருக்கோ காட்டுகிறது தளம். அவரும் குடும்பத்தோடு புறப்பட்டு வந்து வறண்ட பாறையைப் பார்த்துவிட்டு, இளைஞரைத் திட்டி எழுதுகிறார். பத்திரிகைக்காரன் தேதியை முகப்பில் அச்சிடுவது நாகரிகம் என்று கற்றுக்கொள்ள எவ்வளவோ காலமாயிற்று. அதைப் பொறியாளர்கள் ஒரு நாளில் அழித்துவிட்டார்கள்.

இளைஞர் இதற்கு ஒரு வழி கண்டார். எடுத்த எடுப்பில் நாளையும் நேரத்தையும் உரக்கச் சொல்லிவிடுகிறார். வணக்கம்கூட அதற்குப் பின்தான். குற்றாலக் காணொளிகளில் வேறு சிலரும் இப்படித் தொடங்கக் காண்கிறோம். கல்வெட்டு அரசனின் ஆட்சியாண்டோடு தொடங்குவதுபோல இதுவும் ஒரு மரபாகிவிடலாம். விதியின் பிழையிலிருந்து ஒரு வடிவம் பிறக்கிறது என்பதை இலக்கிய மாணவர்கள் குறித்துக்கொள்ளட்டும்.

நாளறியாப் படத்தின் ஆபத்து வெறும் ஏமாற்றத்தோடு நிற்பதில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரெனப் பெருகிய வெள்ளத்தில் 17 வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். மக்கள் அலறி ஓடும் காட்சியைப் பலர் கைப்பேசியில் பதிந்தனர். அது சில நொடித் துண்டுகளாக நறுக்கப்பட்டு, இசை சேர்க்கப்பட்டு, நாடெங்கும் ஓடியது. எச்சரிக்கையாக அதைப் பயன்படுத்தியவர்கள் உண்டு, நாம் மறுக்கவில்லை. ஆனால் பின்வந்தவற்றைப் பார்க்கும்போது, வெள்ளம் என்றால் பார்வை என்று கணக்குப் போடக் கற்றுவிட்ட காமிராக்கள் தெரிகின்றன. தடுப்புக்கு அப்பால் நின்று பேசுவது, கலங்கிய நீருக்கு முதுகைக் காட்டிச் சிரிப்பது. ஷார்ட்ஸ் வருவாய்க்குரிய நிபந்தனை, 90 நாளில் ஒரு கோடிப் பார்வை. 2023 பிப்ரவரி முதல் நடப்பிலிருக்கும் இவ்விதியை வகுத்தவருக்குக் குற்றாலச் சாரலும் ஏறக்குறைய 90 நாள்தான் என்பது தெரிந்திருக்க நியாயமில்லை. அந்த மூன்று மாதத்துக்குள் எதையாவது பிடித்தாக வேண்டும் என்ற பதற்றத்தை அந்த விதி விதைத்திருக்கிறது. விதி தள்ளுகிறது என்பதால் தடுப்பைத் தாண்டுகிறவரின் பொறுப்பு நீங்கிவிடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

இன்னொன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். அருவி ஒரு குளியலிடம். அங்கே நனைந்து நிற்கும் பெண்களின் முகம் ஆயிரமாயிரம் பேர் பார்வைக்குப் போவதை அவர்களிடம் எவரும் கேட்பதில்லை. தன் முகம் அடையாளம் தெரியும்படி வந்திருந்தால் முறையிடலாம் என்று தளங்கள் வழி வைத்திருக்கின்றன. முறையிடுவதற்கு முதலில் தான் எடுக்கப்பட்டது தெரிய வேண்டுமே. சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயல்களிலும் இதே கதை, வேறு வகையில்: மலையாள நாட்டிலிருந்தெல்லாம் படம் பிடிக்க வருகிறவர்களுக்குப் பூ தெரிகிறது, வரப்பு தெரிவதில்லை.

எல்லாரும் அளவுகோலுக்கு வளைந்துவிட்டார்களா என்றால், இல்லை. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்திலிருந்து 2018இல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனலை நாங்கள் ஒப்பீட்டுக்காகப் பார்த்தோம். ஊர் விருந்துகளுக்குச் சமைத்த தாத்தா, பேரன்மார், வயல்வெளி, பெரிய பாத்திரம். அம்மிச் சத்தம், எண்ணெய் பொரியும் சத்தம், ஒவ்வொரு பொருளின் பெயரையும் உரத்துக் கூவிப் போடும் குரல். பின்னணி இசைக்கு அங்கே தேவை இல்லை. 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரரைத் தமிழில் முதலில் எட்டியது அச்சேனல்தான். அவர்கள் ஓசையை நம்பினார்கள் என்பதே நமக்குத் தோன்றும் விளக்கம். அவர்களுக்குப் பாத்திரத்தைச் சுற்றி ஒரு குடும்பமே இருந்தது. தென்காசி இளைஞர் தனியாள், பைக்கில் போகிறவர் என்ற வேறுபாட்டையும் மறந்துவிடலாகாது.

இப்போது அவருக்குப் புதிய கவலை. பார்வை என்ற சொல்லின் பொருளே 2025 மார்ச் 31இல் மாறிவிட்டது. குறுங்காணொளி ஓடத் தொடங்கினாலே அது ஒரு பார்வை. எண்கள் ஏறின, வருவாய்க் கணக்கு மட்டும் அந்த எண்ணைக் கொள்வதில்லை. அதே ஆண்டு ஜூலை 15 முதல், மொத்தமாக உற்பத்தி செய்யப்படுகிற, திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருகிற காணொளிகளை உண்மையற்றவை என்று வகைப்படுத்தி யூடியூப் தன் விதியின் வாசகத்தைத் தெளிவாக்கியது. செயற்கை நுண்ணறிவால் நாளுக்கு நூறு செய்து குவிக்கிறவர்களைக் கருதியது என்றால் நாமும் வரவேற்போம். இல்லாத அருவிகளையும் இல்லாத யானைகளையும் நிறையவே பார்த்தாயிற்று. ஆனால் தினமும் ஒரே அருவியின் முன் நின்று ஒரே சொற்களைச் சொல்கிறவர் எந்த வகையில் அடங்குவார்? மழைமானியைப் பார்த்து நாள்தோறும் ஒரே ஏட்டில் குறிக்கிறவரின் பணியில் திரும்பச் சொல்வதுதான் உண்மை. ஒருநாள் அவர் புதுமை செய்தால் அந்த ஏடு கெட்டது. இதைப் பொறிக்கு யார் விளக்குவது? மேல்முறையீடு செய்தால் பதில் ஆங்கிலத்தில் நான்கு வரி வரும் என்று இளைஞர் சிரித்தார்.

நான்காம் மாலை கலையும்போது பெரியவர் அவரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார்: ஒருநாள் மட்டும் பாட்டுப் போடாமல், பேசாமல், ஐந்தருவியைக் காட்ட முடியுமா என்று. ஓடாது ஐயா, என்றார் இளைஞர். இருந்தும் அடுத்த வாரம் ஒன்று வந்தது. நாளையும் நேரத்தையும் சொல்லிவிட்டு அவர் ஒதுங்கிக்கொள்கிறார். முப்பது நொடி. கடைகள் திறவாத வேளை, ஆகவே பாட்டில்லை. ஒரு குரங்கு கத்துகிறது, யாரோ பெருக்குகிறார்கள். அன்று ஐந்து கிளையில் மூன்றில்தான் தண்ணீர் விழுந்தது. மூன்றும் தனித்தனியே கேட்டன.